ஆண் ஓமோன் ஊசி போடலாமா? மலையகத்து ஆண்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன் பக்கம் ஒரு பாமசியில் கவுண்டரில் நிற்கிறவன் நான். டெஸ்டோஸ்டிரோன் ஊசி பற்றிக் கேட்க வருகிற ஆண்களைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். கடையில் பெண்கள் யாராவது நின்றால் பனடோல் ஒரு கார்ட் வாங்கிவிட்டு, சோப்பு அலுமாரியைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எல்லாரும் போன பிறகு, "தம்பி, கொஞ்சம் பேசணும்" என்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நின்றபடி அவசரத்தில் சொல்லி முடிக்க முடியாத பதில்களை இங்கே ஆறுதலாக எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன.

டெஸ்டோஸ்டிரோன்னா என்ன? அது கொறஞ்சா என்ன ஆகும்?

ஆணின் விதைகளில் சுரக்கும் ஓமோன் அது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று கட்டளை போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி. அது எல்.எச். என்ற இன்னொரு ஓமோனை ரத்தத்தில் அனுப்பி விதைகளை வேலை வாங்குகிறது. இந்த இரண்டு இடங்களில் எது பழுதானாலும் டெஸ்டோஸ்டிரோன் குறையும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உண்மையிலேயே குறைந்தவருக்கு உடலுறவில் ஆசை விட்டுப்போகும். விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுவிடும். தாடி மீசை வளர்வது குறையலாம், மார்பு பெண்களுக்குப் போலப் பெருக்கலாம், எலும்பு பலம் இழக்கலாம், ரத்தசோகை வரலாம். களைப்பு, எரிச்சல், சோர்வு ஆகியவையும் வரும். ஆனால் இந்தக் கடைசி மூன்றும் நூறு காரணங்களால் வரக்கூடியவை.

எனக்கு 44 வயசு. கவ்வாத்து வெட்டிட்டு வீட்டுக்கு வந்தா ஒடம்புல ஒண்ணுமே இல்ல. இது ஓமோன் கொறவுதானே?

நாள் முழுக்கச் சரிவில் நின்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவருக்கு மாலையில் உடம்பில் தெம்பு இருந்தால்தான் அதிசயம். வயது ஏற ஏற டெஸ்டோஸ்டிரோன் குறைவது உண்மைதான். ஆனால் அது நாற்பதை ஒட்டித் தொடங்கி வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் என்ற அளவில் மெதுவாகத்தான் குறையும். இரண்டு மாதத்தில் ஆளைச் சாய்க்காது.

களைப்பு மட்டும்தான் பிரச்சினை, ஆசையும் காலை விறைப்பும் பழையபடி இருக்கின்றன என்றால் முதலில் வேறு நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: சுகர், ரத்தசோகை, தைரொயிட், தூக்கம். ஐந்தாவதாக ஒன்று உண்டு, யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள்: மனச்சோர்வு. கடன், மகனின் வேலை, கட்டி முடியாத வீடு என்று இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு ஓமோன் ஊசி எதையும் சரிசெய்யாது.

என்ன டெஸ்ட் எடுக்கணும்? எப்ப எடுக்கணும்?

மொத்த டெஸ்டோஸ்டிரோன் என்ற ரத்தப் பரிசோதனை. காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பிற்பகலில் இறங்கிவிடும். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போய், வேலை முடித்து, மூன்று மணிக்கு டவுனுக்கு வந்து ரத்தம் கொடுத்தால் நல்ல ஆளுக்கும் குறைவாகவே காட்டும். அரை நாள் சம்பளம் போனாலும் காலையிலேயே கொடுங்கள். தவறான நேரத்தில் எடுத்த டெஸ்டை மறுபடி எடுக்கும் செலவு அதைவிட அதிகம்.

வெறும் வயிறு என்றால் சீனி போட்ட பிளேன்டீயும் கூடாது. சீனி உடம்பில் ஏறினாலே கொஞ்ச நேரத்துக்கு அளவு கால்வாசி வரை இறங்கலாம். காய்ச்சல், நியூமோனியா என்று படுத்து எழுந்தவர்கள் உடம்பு முழுதாகத் தேறும்வரை பொறுக்க வேண்டும். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இரவு வேலை செய்கிறவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்களுக்குக் "காலை" என்பது தூங்கி எழுந்த நேரம்.

ரிப்போட்ல 3.4ன்னு இருக்கு. பக்கத்து லயத்து அண்ணனுக்கு 410. எனக்கு ஒண்ணுமே மிச்சமில்லையா?

பயப்படாதீர்கள், இரண்டு லேப்களும் இரண்டு விதமாக அளந்திருக்கின்றன. உங்களுடையது ஒரு மில்லிலீட்டருக்கு நனோகிராம் கணக்கு. அண்ணனுடையது ஒரு டெசிலீட்டருக்கு. உங்கள் 3.4ஐ 100ஆல் பெருக்கினால் 340 வரும், அதைத்தான் 410உடன் ஒப்பிட வேண்டும். இன்னும் சில லேப்கள் நனோமோல் கணக்கில் தரும். அதில் உங்கள் அளவு ஏறக்குறைய 11.8. எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அலகைப் பார்க்காமல் ரிப்போட்டை வாசிக்கவே கூடாது.

அமெரிக்க யூரொலஜி சங்கம் டெசிலீட்டர் கணக்கில் 300க்குக் கீழே போனால் குறைவு என்கிறது. ஐரோப்பாவில் நனோமோல் கணக்கில் 8க்குக் கீழே இருந்தால் குறைவு, 12க்கு மேலே இருந்தால் குறைவில்லை, இடைப்பட்டது சந்தேகம் என்று பார்க்கிறார்கள். நீங்கள் அந்தச் சந்தேக எல்லைக்குள் நிற்கிறீர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு, முக்கியமாக உடம்பு பெருத்தவர்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும், டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் புரதத்தை அளக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற இன்னொரு டெஸ்டையும் சேர்த்துப் பார்த்து, ரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். மொத்தம் குறைவாகக் காட்டினாலும் வேலை செய்கிற பங்கு போதுமான அளவு இருக்கலாம்.

ரெண்டு தடவையும் 200க்குக் கீழதான் வந்துச்சு. இனி ஊசி போட்டுக்கலாம்தானே?

இன்னும் ஒரு படி இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். குறைவு என்று தெரிந்துவிட்டது, ஏன் குறைந்தது என்று தெரியவில்லையே.

முதல் பதிலில் சொன்ன இரண்டு இடங்களில் எது பழுது என்று எல்.எச்., எஃப்.எஸ்.எச். (பிட்யூட்டரி விதைகளுக்கு அனுப்பும் இன்னொரு ஓமோன்) டெஸ்ட்கள் சொல்லும். எல்.எச். உயர்ந்திருந்தால் மூளை கத்துகிறது, விதைகளால் முடியவில்லை என்று அர்த்தம். வாலிப வயதில் வந்த கூகைக்கட்டு விதைகளில் இறங்கியது, சிறுவயதில் விதை கீழே இறங்காமல் இருந்தது, அடிபட்டது, கேன்சர் மருந்து ஏற்றியது, பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடியிருப்பது ஆகியவை காரணங்களாக இருக்கலாம். எல்.எச். குறைவாகவோ, ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் சாதாரணமாகவோ இருந்தால் பழுது மேலே. அப்போது பிட்யூட்டரி சுரக்கும் புரோலக்டின் என்ற ஓமோனைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அங்கே சிறு கட்டி இருந்து புரோலக்டின் ஏறியிருந்தால் பல பேருக்கு மாத்திரையே போதும், டெஸ்டோஸ்டிரோன் தானாக மேலே வரும். தொடர்ந்து தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்குவதும் சேர்ந்திருந்தால் தாமதிக்கவே வேண்டாம்.

வேறு வியாதிக்குக் குடிக்கும் மருந்தும் காரணமாகலாம். வீசிங்குக்கு மாதக்கணக்கில் பிரெட்னிசொலோன், முதுகுவலிக்குத் தினமும் டிரமடோல் குடிப்பவர்கள் அந்த மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆசை இருக்கு, ஆனா வெறைப்பு சரியா வரல. ஊசி போட்டா சரியாகுமா?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். ஆசை குறையாமல் விறைப்பு மட்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் பிரச்சினை ரத்தக்குழாயிலோ நரம்பிலோ மனதிலோ இருக்கிறது. சுகர், பிரஷர், சிகரெட், கொலஸ்டரோல் எல்லாம் ரத்தக்குழாயைக் கெடுக்கும். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் பழுது முதலில் அங்கே தெரியும். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடங்கள் முன்னாலேயே இந்த அறிகுறி வந்தவர்கள் நிறைய. ஆகவே ஐம்பது வயதுக்காரர் இப்படி வந்தால் நான் முதலில் கேட்பது, "அண்ணே, கடைசியா சுகர் எப்ப பார்த்தீங்க?"

இதற்கு சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் எழுதித் தருவார். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோ, ஐசோசோர்பைட் மாத்திரையோ பாவிப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அப்படியே விழுந்து உயிருக்கு ஆபத்து. கூட்டாளி கொடுத்தான் என்று வாங்கிப் போட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: போட்ட பிறகு நெஞ்சு வலித்தால் 1990க்கு அடியுங்கள், ஆம்புலன்சில் வருகிறவரிடம் என்ன மாத்திரை போட்டேன் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

எனக்கு சுகரும் இருக்கு, வயிறும் பெருசு. கொஞ்சம் குடிப்பேன். அளவும் கொறவா வந்திருக்கு. என்ன செய்ய?

நல்ல செய்தி, ஊசியில்லாமலே ஏறக்கூடிய ஆட்களில் நீங்கள் ஒருவர். வயிற்றுக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஓமோனாக மாற்றிவிடும், மூளையிலிருந்து வரும் கட்டளையையும் மந்தமாக்கும். எடை இறங்கினால் அளவு ஏறும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு ஏறும். தினம் ஐந்தாறு கோப்பை சீனித் தேத்தண்ணி, காலையும் ராத்திரியும் கோதுமை மா ரொட்டி என்று போகிற சாப்பாட்டில் குறைக்க இடம் இருக்கிறது.

சாராயமும் கசிப்பும் விதைகளை நேரடியாகவே கெடுக்கும், ஈரலைக் கெடுத்து இன்னொரு வழியாகவும் ஓமோனைக் குழப்பும். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, பகலில் தூங்கி வழிபவராக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காமல் ஊசி போட்டால் மூச்சு நிற்பது இன்னும் மோசமாகலாம்.

ஊசியா, ஜெல்லா, மாத்திரையா? எது நல்லது?

ஊசிகளில் இரண்டு வகை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பழைய வகை விலை குறைவு. ஆனால் போட்ட சில நாட்களில் அளவு எகிறி, அடுத்த ஊசிக்கு முன்னால் விழும். மனநிலையும் கூடவே ஏறி இறங்கும். சஸ்டனோன் என்ற ஊசியில் கச்சான் எண்ணெய் சேர்ந்திருக்கிறது, கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். மற்றது 1000 மில்லிகிராம் அன்டெகனோயேட், 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. அளவு சீராக இருக்கும், விலை கூடுதல். இது எண்ணெய் ஊசி என்பதால் எங்கள் குளிருக்குக் கெட்டிப்பட்டு நிற்கும். நர்ஸ் குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, பின்பக்கத் தசையில் மெதுவாக ஏற்றுவார். அவசரப்படுத்தாதீர்கள். போட்டவுடன் இருமலோ மூச்சுமுட்டலோ வந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், அதனால் உடனே பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.

ஜெல் தினமும் தோளில் பூசுவது. லயன் அறையில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கும் வீடுகளுக்கு எனக்கு அதில் விருப்பமில்லை. பூசிய தோலில் குழந்தை சாய்ந்து தூங்கினாலே மருந்து அதன் உடம்பில் ஏறும், சின்னப் பிள்ளைக்கு அகால வயதில் பருவ மாற்றங்கள் தொடங்கலாம். மனைவி கர்ப்பமாக இருந்தால் இன்னும் கவனம். பூசுபவர் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, பூசிய இடத்தைச் சட்டையால் மூடியே இருக்க வேண்டும். மீதைல் டெஸ்டோஸ்டிரோன் என்ற பழைய மாத்திரை ஈரலுக்குக் கெடுதி, யாராவது மலிவாகக் கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம்.

போட்டா பழைய எளமை திரும்புமா?

உண்மையான குறைவு உள்ளவருக்கு ஆசை சில வாரங்களில் திரும்பத் தொடங்கும். தசையும் ரத்தமும் தேற மாதங்கள் ஆகும், எலும்புக்கு இன்னும் கூட. ஆனால் எல்லை உண்டு. 65 வயதுக்கு மேற்பட்ட, அளவு குறைந்த 790 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஆசையும் உடலுறவும் ஓரளவு மேம்பட்டன, மனநிலை சிறிதளவு. எல்லாரும் எதிர்பார்க்கும் அந்தத் தெம்பு விஷயத்தில் சொல்லும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. களைப்புக்காக மட்டும் ஊசி கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

கல்யாணம் ஆகி மூணு வருஷம், புள்ள இல்ல. ஓமோனும் கொறவுங்கிறாங்க. ஊசி போட்டா புள்ள தங்குமா?

தங்காது. இருக்கிற வாய்ப்பும் போய்விடும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி "போதும்" என்று கட்டளையை நிறுத்திவிடும். கட்டளை நின்றால் விதைகள் விந்தணு செய்வதையும் நிறுத்தும். பல பேருக்கு விந்தணு எண்ணிக்கை பூச்சியத்துக்கே போகும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும்.

உங்களுக்கு வழி வேறு. எச்.சி.ஜி. ஊசி, குளோமிஃபீன் மாத்திரை போன்றவை உங்கள் உடம்பின் சொந்த உற்பத்தியைத் தூண்டக்கூடியவை, யாருக்கு எது என்பதை ஸ்பெஷலிஸ்ட்தான் தீர்மானிப்பார். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "எங்களுக்குப் பிள்ளை வேண்டும்" என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஹார்ட் அட்டாக் வரும், புரஸ்டேட் கேன்சர் வரும்ங்கிறாங்களே?

இதயத்துக்கு ஆபத்துள்ள 5,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடத்திய ட்ராவர்ஸ் என்ற ஆய்வு 2023இல் வெளியானது. மாரடைப்பும் பக்கவாதமும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களுக்கும் வெறும் ஜெல் பூசியவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது, சிறுநீரகம் திடீரெனப் பழுதாவது ஆகியவை மருந்து பாவித்தவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தன. கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இதைத் தொடங்கமாட்டார்கள்.

சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் புரஸ்டேட் சுரப்பியில் கேன்சர் ஏற்கெனவே இருப்பவருக்குப் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள், இல்லாதவருக்குப் புதிதாக உண்டாக்குவதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. இருந்தாலும் 40 தாண்டியவர்களுக்குத் தொடங்குமுன் பி.எஸ்.ஏ. என்ற புரஸ்டேட் ரத்த டெஸ்ட் பார்த்துக்கொள்வது வழக்கம். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறவர்கள், ராத்திரி நான்கைந்து தடவை எழும்புகிறவர்கள் அதை மறைக்க வேண்டாம்.

மலையில இருக்கிறவங்களுக்கு இந்த ஊசி போட்டா ரத்தம் கெட்டியாகுமாமே?

கெட்டியாவது எல்லா இடத்தாருக்கும் பொது, இந்த மருந்தின் மிகச் சாதாரணமான பக்கவிளைவே அதுதான். சிவப்பணுக்கள் கூடி, ரத்தத்தில் அவற்றின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் என்ற அளவு ஏறும். 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி வைப்பார்கள், அல்லது அளவைக் குறைப்பார்கள். உயரத்தில் காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே வாழ்பவர்களுக்கு இயல்பாகவே சிவப்பணு கூடும். ஓமோன் ஸ்பெஷலிஸ்ட்களின் சங்கமான அமெரிக்க என்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டியில், தொடங்கும்போதே 48க்கு மேல் இருந்தால் கவனம் என்றும், மிக உயரத்தில் வாழ்பவர்களுக்கு அந்த எல்லை 50 என்றும் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். அந்த எல்லை எழுதப்பட்ட மலைகளோடு பார்த்தால் இது பெரிய உயரமில்லை. இங்கே நான் அதிகம் பயப்படுவது சிகரெட்டுக்கும் பீடிக்கும், அவையும் இதே அளவை ஏற்றும். ஊசியும் புகையும் சேர்ந்தால் ரத்தக்கட்டிக்கு வழி திறக்கும்.

ஒரு தடவ ஆரம்பிச்சா நிறுத்தவே ஏலாதா?

நிறுத்தலாம். ஆனால் பிள்ளைக் கேள்விக்குச் சொன்ன காரணத்தால் உங்கள் சொந்தச் சுரப்பும் அதற்குள் தூங்கிப்போயிருக்கும். அது எழும்பும்வரை முன்பிருந்ததைவிட மோசமாக உணர்வீர்கள். விதைகளே பழுதானவருக்கு ஆயுள் முழுதும் தேவைப்படும். மாதாமாதம் வரும் செலவையும் கிளினிக்குக்குப் போகும் நாட்களையும் இப்போதே கணக்குப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஊசி விலையை என்னிடம் கேட்கிறவர்கள் ஒன்றின் விலையைத்தான் கேட்கிறார்கள், வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்பதில்லை.

கொழும்புல ஜிம்முக்குப் போறேன். அங்க ஒருத்தர் துண்டு இல்லாமலே ஊசி தர்றார். 24 வயசுதான், போட்டா என்ன?

மேலே சொன்ன அத்தனையும் உனக்கும் பொருந்தும் தம்பி, இன்னும் பெரிய அளவில். ஜிம்மில் ஓடும் அளவு சிகிச்சைக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் விதைகளை நீயே மூடுகிறாய். இது டாக்டரின் துண்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்து. அப்படியில்லாமல் கைமாறும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று லேபலை நம்பிச் சொல்ல முடியாது. போட்டிகளில் ஓடுகிறவனாக இருந்தால் தடைசெய்யப்பட்ட பொருள் என்று பிடிபடுவாய்.

ஃபேமிலி பிளானிங் ஆபரேஷன் செஞ்சதாலயா? இல்ல சின்ன வயசுல கைப்பழக்கத்தாலயா?

இரண்டாலும் இல்லை. ஆபரேஷனில் விந்தணு வரும் குழாயை மட்டும் வெட்டுகிறார்கள், ஓமோன் நேராக ரத்தத்தில் கலப்பது. கைப்பழக்கத்தால் ஓமோன் குறைவதில்லை.

லேகியம், மூலிகை காப்சூல்னு விக்கிறாங்களே?

"ஒரு மணித்தியாலத்தில் வேலை செய்யும்" என்று விற்கும் மூலிகைகளில் சில்டெனாஃபில் கலந்து பிடிபட்டது பல நாடுகளில் நடந்த விஷயம். நெஞ்சுவலி மாத்திரை பற்றி மேலே எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள்.

எங்க போகணும்? எனக்கு சிங்களம் சரியா வராது, எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?

தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யிலோ ஒரு கடிதம் வாங்கி, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை அல்லது நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலை மெடிக்கல் கிளினிக்குக்குப் போகலாம். என்டோகிரைனொலஜிஸ்ட் எனப்படும் ஓமோன் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கத் தேவைப்பட்டால் கண்டிக்கு எழுதுவார்கள். பணம் உள்ளவர்கள் நேரடியாகச் சேனல் பண்ணலாம். எதுவானாலும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள்.

பேச்சு வராவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: ஆசை குறைந்தது எப்போது, காலை விறைப்பு உண்டா, குடிக்கிற மருந்துகள், பிள்ளை வேண்டுமா. தமிழில் எழுதினாலும் வாசிக்க ஒருவர் இருப்பார். இல்லாவிட்டால் உங்கள் பாமசியில் கேளுங்கள், எங்களில் பலர் மற்ற மொழியில் எழுதித் தருவோம்.

டாக்டர் ஊசி ஆரம்பிச்சிட்டார். அதோட முடிஞ்சுதா?

முதல் வருடத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் டெஸ்டோஸ்டிரோன், ஹீமட்டோகிரிட், வயதைப் பொறுத்து பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். பிரஷரையும் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீர் மூச்சுமுட்டல் வந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்காரிகிட்ட சொல்லணுமா?

சொல்லாமல் தொடங்கியவர்களைத் தெரியும். ஊசிக் குப்பி அலுமாரியில் கிடைத்து, வேறு அர்த்தத்தில் சண்டை வந்ததும் தெரியும். பிள்ளை பெறும் விஷயமும் ஜெல் விஷயமும் அவரையும் தொடுகிறவை. குறட்டையில் மூச்சு நிற்கிறதா என்று டாக்டர் கேட்டால் பதில் தெரிந்தவரும் அவர்தான். முதல் தடவை கிளினிக்குக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.